ஈ.சி.எம். போய்விட்டது என்கிறார்கள், மாற்றிவிடலாமா?

கேள்வி கொஞ்சம் நீளம் என்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடையது ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஜூன் மாதம் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார். மழை தொடங்கியதிலிருந்து தொல்லை. இரவில் ஓட்டும்போது ஏ.பி.எஸ்., ஸ்டியரிங், செக் எஞ்சின் என்று விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. வண்டியை அணைத்துத் திரும்பப் போட்டால் மறைந்துவிடுகின்றன. சில நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது. இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் ஒன்பது எரர் கோட் வந்திருக்கிறது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போய்விட்டது, 48 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். ‘மாற்றிவிடலாமா அண்ணா?’ என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கார் வயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஈ.சி.எம். உண்மையாகவே செத்துப்போன வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஈ.சி.எம். போச்சு என்று சொல்லப்பட்டு என் பட்டறைக்கு வந்த வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. எரர் கோட் நிறைய வந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவானது கம்ப்யூட்டர்தானே என்று அதன் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். அவற்றுக்குப் பொதுவானது இன்னொன்றும் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் கரண்ட் ஒரே பேட்டரியிலிருந்துதான் போகிறது, அதற்கேதான் திரும்பி வருகிறது.

முதலில் அந்தக் கோட்களைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் யு என்ற எழுத்தில் தொடங்குகின்றன. பி (P) என்றால் எஞ்சின், கியர் பக்கம். சி என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம். யு என்றால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தடங்கல். யு0100 என்றால் எஞ்சின் ஈ.சி.எம். பதில் சொல்லவில்லை என்று மற்றப் பெட்டிகள் புகார் கொடுத்திருக்கின்றன. யு0121 என்றால் ஏ.பி.எஸ். பெட்டி பதில் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பி0562 என்று ஒன்று கிடக்கிறது பாருங்கள். வண்டியின் வோல்ட் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியது என்பது அதன் பொருள். ஒன்பதில் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். சாப்பாடு இல்லாமல் மயங்கி விழுந்தவன் ஏன் பதில் பேசவில்லை என்று கேட்டு என்ன பயன்?

எரர் கோட் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று ஒருநாளும் சொல்லாது. பி0113 என்று வந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் வோல்ட் மிக அதிகம் என்று மட்டும்தான் அர்த்தம். சென்சார் கெட்டிருக்கலாம், வயரை இணைக்கும் கப்ளர் கழன்றிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். ஸ்கேனர் தெருவைக் காட்டும், வீட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வோல்ட், கரண்ட், தடை எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும்.

இந்தக் காலத்து வண்டியில் எல்லாம் ஏன் இப்படிப் பின்னிக்கிடக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்டியில் ஸ்விட்சைப் போட்டால் கரண்ட் ரிலே வழியாக விளக்குக்குப் போகும், அவ்வளவுதான். இப்போது நீங்கள் தொடும் ஸ்விட்ச் ஒரு பெட்டியிடம் ‘விளக்கைப் போடு’ என்று சொல்கிறது. அந்தப் பெட்டி இன்னொரு பெட்டியிடம் சொல்கிறது. இவை பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே வயர்களில். அதற்கு கேன் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகம் செய்த ஏற்பாடு. இது மட்டும் இல்லை என்றால் கார் முழுக்கத் தாம்புக்கயிறு கனத்துக்கு வயர் ஓட வேண்டியிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கோ ஓரிடத்தில் வோல்ட் குறைந்தால் ஏ.பி.எஸ். ஒரு விதமாகவும் ஸ்டியரிங் ஒரு விதமாகவும் எஞ்சின் ஒரு விதமாகவும் புலம்பும். கேட்பவருக்கு மூன்று நோய் வந்ததுபோலத் தோன்றும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். என் கண்ணில் முதலில் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான்: ஜூனில் கிளட்ச் பிளேட் மாற்றினேன்.

கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவிலிருந்து வரும் தடித்த எர்த் வயரின் ஒரு முனை பல வண்டிகளில் கியர் பாக்ஸின் மேல்தான் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கியர் பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்த போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, அப்புறம் இறுக்கலாம் என்று மறந்துபோவது சாதாரணமாக நடப்பது. வயர் முனையில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்தின் அடியில் ஆயிலும் மண்ணும் அப்பியிருக்க, துடைக்காமலே இறுக்குவதும் உண்டு. கோடைக்கால வெயிலில் ஒன்றும் தெரியாது. மழைத் தண்ணீர் பட்டு, அந்த லக்கில் துரு ஏறத் தொடங்கியதும் ஆட்டம் ஆரம்பிக்கும்.

அந்த ஒரு போல்ட் ஏன் இவ்வளவு முக்கியம்? செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. ஆல்டர்நேட்டரும், அதாவது நம் ஊர் வழக்கில் சொல்லும் டைனமோவும், அப்படித்தான். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு நேரடித் தொடர்பு கிடையாது. செல்ஃபுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பவும், டைனமோ கொடுக்கும் கரண்ட் தன் சுற்றை முடிக்கவும் அந்த எர்த் வயர்தான் ராஜபாட்டை. அது அடைபட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. ஓடும்போது டைனமோ நன்றாகவே வேலை செய்தாலும் வண்டிக்குப் போதுமான வோல்ட் போய்ச் சேராது. இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. புளோயர் எல்லாம் ஓடுகின்றன. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கிறீர்கள். எலக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டார் ஒரு சில நொடிக்கு 50 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். வோல்ட் சரிகிறது, விளக்குகள் வரிசையாக எரிகின்றன. நீங்கள் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் இதில் பொருந்துகின்றன. பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எர்த் வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரண்டு முனையையும் தொடுவார்கள். பீப் அடிக்கும். ‘எர்த் ஓகே’ என்பார்கள். முப்பது இழை உள்ள வயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்புவது எறும்பு தூக்கும் அளவு கரண்ட். செல்ஃப் இழுப்பது 150 ஆம்பியர், டீசல் வண்டி என்றால் இன்னும் அதிகம். 0.02 ஓம் என்ற சின்னத் தடை போதும், 150 ஆம்பியர் அதன் வழியே போக முயன்றால் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். நம்முடைய சாதாரண மீட்டரின் புரோப் வயருக்கே அதைவிடப் பத்து மடங்கு தடை இருக்கும். அது எப்படி இதைக் காட்டும்?

அதனால் தடையை அளக்காதீர்கள். வேலை நடக்கும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். இதற்கு வோல்டேஜ் டிராப் டெஸ்ட் என்று பெயர். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு புரோப்பை பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்ப்பில் இல்லை, கம்பத்தில். சிவப்பு புரோப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு அங்கேதான். நான் ஒரு வண்டியில் 4 வோல்ட்கூடப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி சிவப்பை பாடியில் வைத்து ஒரு முறை. பிறகு பாசிட்டிவ் பக்கம், பேட்டரி கம்பத்துக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் இடையே ஒரு முறை. அங்கே 0.5 வோல்ட் வரை விட்டுவிடலாம். புரோப் வயர், கை, துணி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையா? ஜம்ப் கேபிள் இருக்கிறதே. ஒரு முனையை உங்கள் பேட்டரியின் நெகடிவிலும் மறு முனையை எஞ்சினின் கனமான உலோகப் பகுதியிலும் மாட்டுங்கள். வேறு வண்டி வேண்டாம், இந்த ஒரு கறுப்புக் கேபிள் மட்டும். ‘டிக் டிக்’ என்றது இப்போது சட்டென்று எடுத்தால், எர்த் வயர்தான் குற்றவாளி. ஜம்ப் கொடுத்தால் வண்டி எடுக்கிறது என்றீர்களே, கறுப்பு கிளிப்பை எங்கே மாட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எஞ்சினில் மாட்டியிருந்தால், இன்னொரு பேட்டரி கொடுத்த பலத்தால் மட்டும் வண்டி எடுக்கவில்லை, அடைபட்ட எர்த்தைச் சுற்றி ஒரு புது வழி கிடைத்ததாலும் எடுத்திருக்கலாம்.

பழைய வண்டிகளில் இந்த எர்த் விட்டுப்போனால் ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகும், சில வண்டியில் புகைகூட வரும். கரண்டுக்கு வேறு வழி இல்லாமல் அந்தக் கம்பி வழியாகப் போகும். இப்போது அந்தக் கேபிளும் இல்லை. கிடைக்கிற மெல்லிய எர்த் வயர்கள் வழியே, சமயத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புகுந்தும், கரண்ட் திரும்பப் பார்க்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று நல்ல நிலையில் இருக்கும் ஈ.சி.எம். நாளைக்கு உண்மையாகவே போய்விடும்.

இந்த இடத்தில் என் மானம் போன கதை ஒன்று. தொழிலுக்கு வந்த புதிது. ஒரு வண்டியில் பிரேக் அழுத்தினால் பின்பக்க இண்டிகேட்டர் லேசாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். விளக்குகளைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் பெட்டிதான் என்று முடிவு கட்டி, அதே மாதிரி வண்டியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, இரண்டு நாள் வீணாக்கினேன். கடைசியில் டிக்கிக்குள் டெயில் லேம்ப்புக்குப் பின்னால் ஒரே ஒரு எர்த் போல்ட். விபத்தில் அடிபட்ட அந்தப் பக்கத்தைப் பெயின்ட் அடித்தவர்கள் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். விளக்குக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் பக்கத்து பல்பின் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தேன். அந்த வண்டிக்காரரிடம் எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் விழித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயம் ஒன்றாகக் கோளாறு பண்ணினால் அவற்றின் எர்த் எங்கே சேருகிறது என்று பாருங்கள்.

இதே கணக்கு வேறு இடங்களிலும் உதவும். ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். மூன்றும் ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்ப்ரிங் என்ற நாடா வழியாகத்தான் வருகின்றன. அது அறுந்திருக்கும்.

பேட்டரி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். எட்டு மாதப் பேட்டரி என்பதால் நல்ல பேட்டரி என்று ஆகிவிடாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். சில புது வண்டிகளில் டைனமோவை ஈ.சி.எம். கட்டுப்படுத்துவதால் 12.8-ம் காட்டும், 15-ம் காட்டும். ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுவிட்டுப் பாருங்கள், பொய் சொன்னால் தெரிந்துவிடும். டைனமோ பின்னால் 14.3 வந்து பேட்டரி கம்பத்தில் 13.1 மட்டும் வருகிறதா? டைனமோவைக் கழற்றாதீர்கள், நடுவில் உள்ள வழியைப் பாருங்கள். சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் வண்டி என்றால் அதற்கென்று உள்ள ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரியைத்தான் போட வேண்டும். கடைக்காரர் விலை குறைவு என்று சாதா பேட்டரியை மாட்டியிருந்தால் ஒரு வருடத்தில் மூச்சு வாங்கும்.

எர்த் நன்றாக இருந்து, பேட்டரியும் நன்றாக இருந்து, காலையில் மட்டும் இறங்கிக் கிடந்தால் இரவில் யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள் என்று அர்த்தம். பூட்டித் தூங்கும் வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் எடுக்கலாம். 45 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரியில் அது ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச்., இரண்டு வாரம் நின்றாலும் தாங்கும். அதுவே அரை ஆம்பியர் போனால் நாளைக்கு 12 ஏ.எச்., இரண்டாம் நாளே பாதி காலி.

இதைப் பிடிக்க எல்லோரும் செய்வது, மீட்டரை வரிசையில் கோத்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குவது. புது வண்டியில் இது ஏமாற்றும். பூட்டிய பிறகு பெட்டிகள் எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினால் எழுந்துகொள்ளும். கரண்ட் ஏறும், இறங்கும், நீங்கள் பேயைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பதில் போனட்டைத் திறந்து வைத்து, ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றி, கதவின் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி ‘மூடியாயிற்று’ என்று வண்டியை நம்பவைத்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். ரிமோட் சாவி பக்கத்திலேயே இருந்தால் சில வண்டி தூங்கவே தூங்காது. முக்கால் மணி கழித்து, ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் வந்தாலே நூறு மில்லிஆம்பியருக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் ஆள் மாட்டிவிடுவான். என் அனுபவத்தில் முதல் சந்தேகம் எப்போதும் வெளியில் மாட்டிய ஆண்ட்ராய்ட் ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். மேல்தான். நேராகப் பேட்டரி வயரில் கொக்கி போட்டிருப்பார்கள்.

இனி அந்த யு கோட்கள். எர்த்தைச் சரிசெய்து, கோட்களை அழித்து, ஒரு வாரம் ஓட்டியும் யு0100 திரும்ப வந்தால் மட்டும் கேன் வயரைப் பாருங்கள். பேட்டரி நெகடிவைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கிறதல்லவா, அதில் 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். கேன் வயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 60. பெரும்பாலான வண்டிகளில் 60 வந்தால் அடிப்படையில் வயர் நலம். 120 வந்தால் ஒரு கோடி எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது ஏதோ ஒரு பெட்டி உள்ளுக்குள் ஷார்ட். அப்போது பெட்டிகளின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு சரியாகிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்குத் தகுந்தபடி மாறும் வேலை இது. சர்க்யூட் வரைபடம் இல்லாமல் இறங்காதீர்கள்.

சென்சார் கோட்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. வெப்பநிலை சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டாவைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி காட்ட வேண்டும். அந்தக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் 130, 140 என்று எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங்கும் ஈ.சி.எம்.மும் நலம், சென்சாரை மாற்றலாம். இரண்டு வயர் உள்ள வெப்பநிலை சென்சாருக்கு மட்டும்தான் இது. மூன்று வயர் சென்சாரில் இதைச் செய்துவிடாதீர்கள். அதற்கு ஈ.சி.எம். 5 வோல்ட் அனுப்பும், பல சென்சார்களுக்கு அந்த 5 வோல்ட் பொதுவானது. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து விழும். நான்கு சென்சார் ஒரே நாளில் கெட்டுப்போனதாகக் காட்டினால் அந்த 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், ஒன்றைக் கழற்றியதும் 5 திரும்பி வரும்.

மழைக்காலம் என்றதால் தண்ணீரையும் எலியையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் சொட்டும். மேட் ஈரமாக இருக்கிறதே என்று காயவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பல வண்டிகளில் பாடி கன்ட்ரோல் பெட்டியும் அதன் கப்ளர்களும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள கறுப்பு ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்களும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை மடங்கி நிமிர்ந்து, வெளியே பிளாஸ்டிக் முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணாடி இறங்காமல் இருந்து, கதவை ஆட்டினால் இறங்குகிறது என்றால் அந்த ரப்பரை உருவிப் பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முங்கிய வண்டிகள் பல மாதம் கழித்துக்கூட விசித்திரமான கோளாறுகளோடு வந்தன. ஒரு கப்ளருக்குள் புகுந்த தண்ணீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கு நடுவே ஏறிப் போகும். பேட்டரி இணைப்பில் இருந்தால் ஈரமான பின்கள் சில மணி நேரத்திலேயே பச்சைக் களிம்பு பூத்து அரிக்கத் தொடங்கும், கரண்ட் இல்லை என்றால் அரிப்பு மெதுவாகும். ஆகவே வெள்ளம் புகுந்த வண்டியில் சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பாதுகாப்பாக நெருங்க முடிந்ததும் முதலில் நெகடிவைக் கழற்றுங்கள். எலிக்குப் போனட்டுக்குள் புகையிலைக் கட்டு வைக்கிறார்கள். வாசனை இருக்கும்வரை வேலை செய்கிறது, அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டியை ஒரே இடத்தில் வாரக் கணக்கில் நிறுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

அறுந்த வயரைச் சேர்க்கும் விதம்தான் நல்ல எலக்ட்ரீஷியனைக் காட்டிக்கொடுக்கும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு கோடை தாங்கும், அப்புறம் டேப் பிசின் உருகிக் கழன்றுவிடும். சரியான அளவு ஸ்லீவ் போட்டு அழுத்தி கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்க வேண்டும். சால்டர் வைத்தால் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைப்பாகி, அதிர்வில் அங்கேயே ஒடியும், அதனால் இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்துக் கட்டுங்கள். கேன் வயர் என்றால் முறுக்கை முடிந்தவரை பிரிக்காதீர்கள். சோதிக்கும்போது வயரின் தோலில் ஊசி குத்துபவரைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த ஓட்டைதான் அடுத்த மழைக்கு வாசல். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்துப் பார்க்கலாம்.

தொடவே கூடாத இரண்டு இருக்கின்றன. மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. அதில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைத்தால் வெடித்துவிடலாம். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் தனி.

ஈ.சி.எம். உண்மையிலேயே போகாதா என்றால், போகும். தண்ணீர் புகுந்தால், பேட்டரியைத் திருப்பி மாட்டினால், பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் போகும். ஆனால் அந்த முடிவுக்கு வர, அதன் கப்ளரில் பேட்டரி பாசிட்டிவ், இக்னிஷன் பாசிட்டிவ், எர்த் எல்லாம் வருகின்றனவா என்று 21 வாட் பல்பை மாட்டி, வெளிச்சமாக எரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு, பவர் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே மட்டும் அந்த பல்ப், சிக்னல் வயர்களில் வைக்கக் கூடாது. மீட்டர் 12 காட்டும் வயரில் பல்ப் மங்கலாக எரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தவிர, புது ஈ.சி.எம். மாட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடும் சாவியோடும் சேர்த்துவைக்க வேண்டும். பழைய மார்க்கெட்டில் வாங்கியது என்றால் சில வண்டிகளில் சேரவே சேராது. மின் சாமானைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஞாயிறு காலை, வண்டி ஒரு ராத்திரி முழுக்க நின்ற பிறகு, செல்ஃப் அடிப்பதற்கு முன் பேட்டரி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எர்த்தில் தொலைகிற வோல்ட். அது 0.5-க்கு மேல் வந்தால், பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து, கியர் பாக்ஸ் மேல் அந்த போல்ட்டைத் தேடுங்கள். லக்கைக் கழற்றி இரண்டு பக்கமும் பளபளப்பு வரத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வயரே நைந்திருந்தால் புதிதாக ஒன்று போட்டால் போகிறது, சில நூறு ரூபாய் சமாச்சாரம். 0.1 தான் வருகிறது என்றால் என் ஊகம் தப்பு. அப்போது அந்த 48 ஆயிரம் கேட்டவர்களிடமே போய், ஈ.சி.எம். கப்ளரில் பல்பு மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்த்தோம் என்றால் உங்கள் முன்னால் இன்னொரு முறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.